இரண்டு துண்டுகள்

சென்ற தவணையில் நம் வகுப்பு மாணவி ஒருத்தி நான்கு பக்கத் துண்டுப் பிரசுரம் ஒன்றை நம்மிடம் கொண்டுவந்து தந்தாள். பதுளை பஸ் நிலையத்தில் யாரோ ஒருவர் அவளுடைய தாயின் கையில் கொடுத்துச் சென்றது அது. தாய்க்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். கண் மங்கிவிட்டதால் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பிரசுரத்தில் ஒரு கதை. தோட்டத் தொழிலாளி ஒருவன் குடித்துக் குடித்துக் குடும்பத்தைச் சீரழிக்கிறான். மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. ஒரு நாள் அவன் சுவிசேஷத்தைக் கேட்கிறான்; மனந்திரும்புகிறான்; குடியை விடுகிறான். அடகுபோன நகை மீண்டு வருகிறது. ஒழுகிய கூரை புதிதாகிறது. பிள்ளைகள் படித்து உத்தியோகம் பெறுகின்றனர். இக்கதையை நாம் வகுப்பில் உரக்க வாசிக்கச் செய்தோம். வாசித்து முடிந்ததும் பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: “அவர் குடிய விட்டது சரி சேர். சம்பளம் எப்புடி சேர் கூடுச்சு?”

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கிறிஸ்தவ விசுவாசத்தை அச்செழுத்தின் வழியாகப் பரப்பும் நீண்ட முயற்சியைக் குறித்து இலக்கிய விமரிசகன் கேட்கவேண்டிய கேள்வி அதுவேயென்று நமக்குப் பட்டது. மதத்தை ஏளனம் செய்வதற்கு எழுந்த கேள்வியன்று அது. ஒரு கதை தன் வாசகனுடைய வாழ்க்கைக்கு முன்னால் நிற்கும்போது தரவேண்டிய கணக்கைக் கேட்கும் கேள்வி.

மலைநாட்டில் ‘துண்டு’ என்னும் சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. துண்டுப் பிரசுரம் என்னும்போது இலவசமாகக் கையில் தரப்படும் சிறு அச்சுத்தாளைக் கருதுகிறோம். ஆனால் நம் பாட்டன்மார் காலத்துத் தோட்டங்களில் துண்டு என்றால் வேறு. தொழிலாளி தோட்டத்துக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று குறித்த தாளே துண்டு. இன்ன தொகையைச் செலுத்தினால் இன்னாரை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும். இன்னொரு தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். கடன் தீராது, கைமாறும், கடனோடு மனிதனும் கைமாறுவான். இம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அதுவரையில் ஊவா மலைகளின் லயன்களுக்கு இருவகைத் துண்டுகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று, ஆன்மா விடுதலை பெறும் என்றது. மற்றொன்று, உடல் கடன்பட்டிருக்கிறது என்றது. இவ்விரண்டும் ஒன்றையொன்று எப்பொழுதாவது சந்தித்தனவா என்பதே நம் ஆராய்ச்சிப் பொருள்.

முதலில் கடனை ஒப்புக்கொள்வோம். தமிழில் அச்செழுத்தின் சரித்திரமே கிறிஸ்தவ விசுவாசப் பிரசுரத்தின் சரித்திரமாகத்தான் தொடங்குகிறது. 1578இல் கொல்லத்தில் அன்றீக்கே அன்றீக்கசு பாதிரியார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்களே கொண்ட சிறு நூல். இன்றைய கணக்கில் அதுவே ஒரு துண்டுப் பிரசுரம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்திலிருந்து 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் சிறு பிரசுரங்களை ஊர்ஊராகக் கொண்டுசென்றனர். 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை உதித்தது. பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், அங்கு கற்ற அச்சுக்கலையையே ஆயுதமாக்கி, வண்ணார்பண்ணையில் தம் அச்சியந்திரத்தை நிறுவிக் கண்டனத்துக்குக் கண்டனம் எழுதினார். நமது உரைநடை இந்தப் போரில் வளர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் அப்போர் யாருக்கிடையே நடந்தது? எழுத்தறிந்தோருக்கும் எழுத்தறிந்தோருக்கும் இடையே நடந்தது. நாவலர் சாதிக் கட்டுப்பாட்டைக் கைவிட்டவரல்லர். பாதிரிமார் கண்டனம் எழுதியதும் கற்றோரை நோக்கியே. அச்சியந்திரங்கள் இரண்டு பக்கமும் முழங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதைக் காடுகளின் வழியே மாத்தளையை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்துகொண்டிருந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்களைக் குறித்து எந்தக் கண்டனமும் எழவில்லை.

அவர்களைத் தேடி மிஷன் 1854இல் மலைக்கு வந்தது. அவ்வாண்டில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரால் திருச்சபைப் பணி தோட்டங்களில் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தனர், தோட்டந்தோட்டமாக நடந்தனர், பிரசுரம் கொடுத்தனர், வாசிக்கத் தெரியாதோர்க்கு வாசித்துக் காட்டினர். கொழுத்தும் வெயிலிலும் ஊவாவின் குளிர்காற்றிலும் அவர்கள் நடந்த நடையை இகழ்ந்துரைப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? தோட்டத் துரைமாரிடம் திரட்டப்பட்ட சந்தாப் பணம் அதில் பெரும் பங்கு வகித்தது. உபதேசியார் லயனுக்குள் நுழைவதற்குத் துரையின் அனுமதி வேண்டும். பிழைப்பதற்குத் துரையின் பணம் வேண்டும். இத்தகைய நிலையில் அவருடைய கைப்பிரதி சம்பளத்தைக் குறித்து எப்படிப் பேசும்? பேசாமை அவருடைய தனிக் குற்றமன்று. அது அந்த இலக்கியத்தின் பிறவிக் குறை.

1880களின் பிற்பகுதியில் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த சாமுவேல் லங்டன் பாதிரியார் ஊவாவில் பணி தொடங்கினார். அப்பணியைப் பற்றி ஆங்கில வாசகருக்காக அவர் எழுதிய ‘இன்பப் பள்ளத்தாக்கு’ என்ற நூல் 1890இல் லண்டனில் வெளிவந்தது. அதன் துணைத்தலைப்பு ஊவாவை மிஷனின் புதிய ‘தோட்டம்’ என்று அழைக்கிறது. விதைப்பதும் விளைவதும் அருளே என்ற பொருளில் அவர் அச்சொல்லை ஆண்டிருக்கலாம். ஆனால் பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் வாழ்ந்த நம்மவர்க்குத் தோட்டம் என்பது உருவகமன்று. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டிய இடம். சமயப் பிரசுர இலக்கியத்தின் தலையாய இடர்ப்பாடு இதுதான். எந்தச் சொல் அதற்கு உருவகமோ அந்தச் சொல் வாசகனுக்கு வாழ்க்கை.

இதற்கு இன்னும் வலுவான சான்று பன்யனின் யாத்திரைக் கதை. சிறையிலிருந்த ஓர் ஏழைப் பாத்திரத் தொழிலாளி எழுதிய அக்கதையை அமெரிக்க மிஷனின் ஸ்போல்டிங் பாதிரியார் தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதனைத் தழுவி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தைப் பாடினார். கம்பனைக் கற்ற கவிஞரின் கைபட்ட அந்நூலின் செய்யுளழகை நாம் குறைத்து மதிக்கவில்லை. முதுகில் சுமையோடு ஒருவன் ஊரைவிட்டுப் புறப்படுகிறான். சேற்றிலும் மலையிலும் அல்லற்படுகிறான். சிலுவையடியில் அவன் சுமை கழன்று விழுகிறது. உலக இலக்கியத்தில் இதைவிடத் தோட்டத் தொழிலாளிக்கு நெருக்கமான கதை உண்டா? அவனும் முதுகில் சுமையோடு ஊரைவிட்டுப் புறப்பட்டவன். அவனும் சேற்றைக் கடந்தவன், மலை ஏறியவன். அதே திருநெல்வேலிச் சீமையிலிருந்தும், மதுரை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்தும் அவ்வாறு புறப்பட்டோர் எத்தனை பேர்! எனினும் காப்பியத்தின் யாத்திரிகனும் வடபாதையின் யாத்திரிகனும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. முன்னவன் சுமை பாவம்; பின்னவன் சுமை கங்காணிக் கடன். முன்னவன் சுமை கழன்று வீழ்ந்தது. பின்னவன் சுமை துண்டில் எழுதப்பட்டு அடுத்த தோட்டத்துக்கு அவனுக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்தது.

நடையும் இவ்வாறே. இரட்சிப்பு, பாவநிவிர்த்தி, பரிசுத்தம் என்று வடசொற்கள் செறிந்த விவிலியத் தமிழே பிரசுரங்களின் தமிழுமாயிற்று. லயன்களிலோ தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் கொழுந்து மலையின் பாட்டும் உயிரோடிருந்தன. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாக வெளிவந்தபோதுதான் அச்செவ்வத்தின் ஒரு பகுதி அச்சேறியது. மக்கள் வடிவத்தை அச்சு அறியவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1869இலேயே ஆபிரகாம் ஜோசப் என்பவர் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை வெளியிட்டார். ஆனால் அதில் வடிவம் நம்முடையது; பொருள் கோப்பிச் செய்கையைத் துரைமார் நோக்கில் போற்றுவது. கும்மி கொட்டும் கை உழைப்பாளியுடையதாயிருக்க, பாட்டின் குரல் பங்களாவிலிருந்து வந்தது.

தோட்டத்தைப் பொருளாகக் கொண்டு அச்சேறிய இன்னொரு நூலையும் இங்கு நினைத்தல் தகும். புதிதாக வந்திறங்கும் சின்னத்துரைமார் தமிழ் பழகுவதற்காகப் பெர்குசன் என்பார் எழுதிய கைந்நூல் அது. அதன் பெயர் ‘இங்கே வா’. இப்பெயர் ஒன்றே போதும். துரை கற்கவேண்டிய தமிழின் முதற்சொல் ஏவல்வினை. சுவிசேஷமும் ‘வா’ என்றே அழைக்கிறது; உழைத்துச் சோர்ந்து பாரம் சுமப்போரை இளைப்பாற அழைக்கும் கனிந்த அழைப்பு அது. ஒரே மலையில் ஒரே மக்களை நோக்கி இரண்டு ‘வா’க்கள் அச்சில் எழுந்தன. ஒன்று இளைப்பாற அழைத்தது. மற்றொன்று வேலைக்கு அழைத்தது. இளைப்பாற அழைத்தவர், வேலைக்கு அழைத்தவரிடம் சென்று ‘இவர்களை எப்போது இளைப்பாற விடுவாய்?’ என்று கேட்டிருந்தால், ஊவாவின் சமய இலக்கியம் வேறோர் இலக்கியமாயிருக்கும்.

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தையும் கூறாவிடின் நம் விமரிசனம் வெறும் வசையாகிவிடும். 1907இலும் 1920இலும் பிறந்த கல்விச் சட்டங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையைத் தோட்டங்களின்மேல் சுமத்தின. நடைமுறையில் பல இடங்களில் அது ஓர் ஆசிரியர், ஒரு கூரை, கலைந்துபோன வகுப்புகள் என்ற அளவிலேயே நின்றது. அக்காலத்தில் லயனுக்குள் தானாக நடந்துவந்த தமிழ் எழுத்து எது? பெரும்பாலும் மிஷனின் கைப்பிரதிதான். இலவசமாக வந்தது, பெரிய எழுத்தில் வந்தது, சாதி கேளாமல் வந்தது. எந்த மடாதிபதியும் எந்தப் பண்டிதரும் எழுதிக் கொடுக்காதவனுக்கு, ‘உனக்கும் ஓர் ஆன்மா உண்டு, அதன் விலை பெரிது’ என்று அச்சில் எழுதிக் கொடுத்தது. பெயர்ப்பதிவில் எண்ணாக இருந்தவன் ஒரு கதையின் நாயகனானான். இது சிறிய காரியமன்று. ஒருவனுக்கு எழுத்தைக் கொடுத்துவிட்டால், அவன் கொடுத்ததை மட்டும் வாசிப்பான் என்று கொடுத்தவராலும் உறுதி கூற முடியாது.

அது மெய்யாயிற்று. 1920இல் இலங்கையில் குடியேறிய கோ. நடேசய்யர், தொழிலாளர் துயரை நேரிற் காணப் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார். உபதேசியார் முன்வாயிலால் அனுமதியோடு போன இடத்துக்கு, அவர் பின்வழியால் மறைந்து போக வேண்டியிருந்தது. எந்தத் துண்டுக்கு வாயில் திறந்திருந்தது, எந்தத் துண்டுக்கு அடைத்திருந்தது என்பதே அக்காலத்துத் தோட்டத்தின் முழுச் சரித்திரம். நடேசய்யர் பத்திரிகை நடத்தினார். சிறு நூல்கள் எழுதினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் மக்கள் அறிந்த மெட்டுகளில் பாட்டெழுதிச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டுக் கூட்டங்களில் தாமே பாடினார். முறை மிஷனுடையதே: சிறு தாள், எளிய விலை, உரக்க வாசித்தல், பாட்டு, நடை. பொருள்தான் மாறியது. 1940இல் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தம் சபையைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டபோது, லயன்களில் வேறொரு வகை வாசிப்பும் வேர்விட்டிருந்தது என்பது தெளிவாயிற்று.

திருச்சபைக்குள்ளும் இக்கேள்வி எழாமலில்லை. 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணாயக்கார இந்த வறிய பிரதேசத்தைத் தெரிந்துகொண்டு முதல் ஆயராக வந்து, 1982இல் மறையும்வரை உழைத்தார். விசுவாசத்தை ஏழையின் வாழ்க்கையிலிருந்து பிரித்துப் பேசலாகாது என்ற எண்ணம் அக்காலத்தில் குருமார் பலரிடம் வேரூன்றியது. அக்கருத்தோட்டத்தில் தோன்றிய தோட்டப் பிரதேசங்களுக்கான கூட்டுச் செயலகம் ‘குன்றின் குரல்’ என்ற சஞ்சிகையை வெளியிட்டது. மதமாற்றம் அதன் நோக்கமாயிருக்கவில்லை. மலையக எழுத்தாளர் பலர்க்கு அதன் பக்கங்கள் களமாயின. சம்பளத்தைப் பற்றிப் பேசினால் சுவிசேஷம் கெட்டுவிடாது என்பதை இதைவிட யாரும் தெளிவாக நிறுவ வேண்டியதில்லை.

ஊவா மண்ணின் முழு விடை ஒரு கதாசிரியரிடமிருந்து வந்தது. 1934இல் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர், தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர், 2022இல் மறைந்தார். ‘காலங்கள் சாவதில்லை’ நாவல் 1974இலும், ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுதி 1979இலும் வெளிவந்தன. அவருடைய ‘மீன்கள்’ என்ற கதையை நம் மாணவியின் துண்டுப் பிரசுரத்துக்கு அருகில் வைத்துப் பாருங்கள். ஒரே காம்பராவுக்குள் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் படுத்துறங்க வேண்டிய லயன் வாழ்க்கை, ஒரு தகப்பனைத் தலைகுனிய வைக்கும் மானக்கேட்டை அக்கதை கூறுகிறது. பிரசுரம் அத்தகப்பனைக் கண்டால் ‘பாவி’ என்று தொடங்கும். ஜோசப் அவனுடைய காம்பராவின் நீள அகலத்திலிருந்து தொடங்குகிறார். மன்னிப்பு, இரக்கம், மனித ஆன்மாவின் விலை ஆகிய கிறிஸ்தவ விழுமியங்கள் பிரசுரத்தைவிட அக்கதையிலேயே ஆழமாக வாழ்கின்றன என்பது நம் துணிபு. ஏனெனில் அவர் யாரையும் மாற்ற எழுதவில்லை. உள்ளதைக் காண எழுதினார்.

இனி நம்மைப் பற்றி. மாணவனின் கேள்விக்குப் பின் நாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தோம். பாடநூல் தவிர்ந்த எந்த அச்சுத்தாள் வீட்டில் இருந்தாலும் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னோம். நாட்காட்டி வந்தது, அடகுக் கடைச் சீட்டு வந்தது, சம்பளச் சீட்டு வந்தது, தேர்தல் பிரசுரங்கள் வந்தன, சமயத் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. முற்போக்கு இலக்கியச் சஞ்சிகை ஒன்றேனும் வரவில்லை. நாம் மாதந்தோறும் படித்து, விவாதித்து, உழைக்கும் வர்க்கத்தின் பெயரால் எழுதும் பக்கங்களில் ஒன்றுகூட அந்த வர்க்கத்தின் பிள்ளைகளின் வீட்டில் இல்லை. பாதிரிமாரின் தமிழ் வடசொற்களால் கடினமாயிற்று என்றோம். நம் தமிழ் கோட்பாட்டுச் சொற்களால் அதற்குச் சிறிதும் குறையாமல் கடினமாயிருக்கிறது. அவர்கள் வீட்டு வாசலுக்கு நடந்தார்கள். நாம் தபாலில் சந்தா எதிர்பார்க்கிறோம். துண்டுப் பிரசுரக்காரரைக் கண்டு சினப்பதும், மதமாற்றம் என்று கூச்சலிடும் மதவெறியரோடு தோள் சேர்வதும் நமக்கு அழகன்று. அவர் சொல்லாது விட்டதை, அவர் நடந்த வழியிலேயே நடந்து, அவரைவிட எளிய தமிழில் சொல்வதே நம் கடமை.

அக்கடமையைச் சிறிதாகவேனும் தொடங்கினோம். கதை எங்கே பொய்க்கிறது, எப்படித் தொடர்ந்தால் மெய்யாகும் என்று எழுதி, வீட்டில் வாசித்துக் காட்டி வருமாறு மாணவர்களிடம் கூறினோம். பலரும் சம்பளத்தைப் பற்றி எழுதினர். நாமும் அதையே எதிர்பார்த்திருந்தோம். பிரசுரத்தைக் கொண்டுவந்த மாணவி மட்டும் எழுதியதை அடித்துத் திருத்திக் கொண்டுவந்தாள். கேட்டதும் தாய் சொன்னாளாம்: “அவன் குடிச்சான், அழுதான், திருந்தினான்னு எல்லாம் எழுதியிருக்கு. அந்தப் பொம்பள எந்த மலையில கொழுந்து எடுத்தான்னு ஒரு எடத்திலயும் எழுதலயே. அத்தன நாளும் வீட்டுக்கு அரிசி வாங்கினது யாரு?”

துண்டுப் பிரசுரம் எழுதியவர் அதைக் காணவில்லை. கேள்வி கேட்ட மாணவனும் காணவில்லை. இவ்வளவு நீண்ட விமரிசனம் எழுத முற்பட்ட நாமும் காணவில்லை. கண் மங்கிய அத்தாய் கண்டாள். அவள் சொன்னதை அவள் சொன்ன தமிழிலேயே அச்சிட்டு லயனுக்குக் கொண்டுபோகும் நாளில்தான், இம்மலையில் மூன்றாவது துண்டு ஒன்று பிறக்கும்.